வைரஸைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்: ஆய்வகக் குளிர்பெட்டியிலிருந்து உங்கள் அறிக்கை வரை

“முந்தாநாள் எடுத்த பரிசோதனையில் டெங்கு இல்லை என்றுதானே வந்தது? இன்றைக்கு எதற்காக மறுபடியும் இரத்தம் எடுக்கிறீர்கள்?” மழைக்காலம் தொடங்கிவிட்டால் காய்ச்சல் பிரிவில் நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஊசியின் வலியும் செலவும் காத்திருப்பும் நோயாளிக்கும் அவரைக் கவனிப்பவருக்கும்தான். ஆகவே அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். அந்த விடையின் பெரும்பகுதி, நோயாளிகள் கண்ணில் படாத ஓர் இடத்தில் இருக்கிறது. ஆய்வகத்தின் குளிர்பதனப் பெட்டிதான் அந்த இடம். அதற்குள் சிறு குப்பிகளில் காக்கப்படும் எதிர்ப்பொருள்களைப் பற்றியதே இக்கட்டுரை.

எதிர்ப்பொருள் என்பது யாது?

நம் உடலுக்குள் ஒரு வைரஸ் நுழைந்தால், இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையினவாகிய பி அணுக்கள் அதற்கெதிராக ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதையே எதிர்ப்பொருள் என்கிறோம். ஆன்டிபாடி என்ற பெயரில் பலரும் அதை அறிந்திருப்பீர்கள். கவட்டைக் குச்சியின் வடிவம் கொண்ட அப்புரதத்தின் இரு கிளை நுனிகளும் வைரஸின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் பற்றிக்கொள்ளும். பூட்டுக்கேற்ற சாவி போல, ஒன்றுக்கென அமைந்தது பெரும்பாலும் வேறொன்றில் பொருந்தாது. எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் அந்த அயற்பொருளை ஆன்டிஜென் என்பர்.

1890-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எமில் ஃபான் பெரிங், கிட்டசாட்டோ ஷிபாசபுரோ என்னும் இருவர், நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் சீரம் வேறொரு விலங்கையும் தொண்டை அடைப்பான், வில்வாத நோய்களின் நஞ்சிலிருந்து காக்கும் என்று காட்டினர். அன்று எதிர்ப்பொருள் மருந்தாக அறியப்பட்டது. அதையே துப்பறியும் கருவியாக்க முடியும் என்பது பின்னர் வந்த எண்ணம். 1941-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற மருத்துவர், எதிர்ப்பொருளின் மீது ஒளிரும் சாயத்தை ஏற்றினார். எதிர்ப்பொருள் எங்கே சென்று ஒட்டுகிறதோ அந்த இடம் நுண்ணோக்கியில் ஒளிர்ந்தது. இன்றும் வெறிநாய்க்கடி நோயால் இறந்த விலங்கின் மூளையில் ரேபீஸ் வைரஸ் உள்ளதா என்று உறுதிசெய்ய இந்த ஒளிர்முறையையே ஆய்வகங்கள் நம்பியிருக்கின்றன.

1971-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும் சாயத்திற்குப் பதிலாக ஒரு நொதியை எதிர்ப்பொருளோடு இணைத்தனர். நிறமற்ற நீர்மத்தை நிறமுடையதாக மாற்றுவது அந்நொதியின் வேலை. இதுவே நீங்கள் அறிக்கைகளில் காணும் எலிசா பரிசோதனையின் பிறப்பு.

ஒரு துளி இரத்தம் மஞ்சளாகும் வழி

டெங்கு வைரஸ் உடலில் பெருகும்போது என்.எஸ்.1 என்னும் புரதத்தை இரத்தத்தில் வெளிவிடுகிறது. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது இரத்தத்தில் இருக்கக்கூடும். அதைக் கண்டறியும் எலிசா தட்டில் 96 சிறு குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தைக் குழியில் இட்டால், அதிலுள்ள என்.எஸ்.1 அடியில் சிக்கிக்கொள்ளும். பிறகு குழியைக் கழுவி, நொதி இணைக்கப்பட்ட இரண்டாவது எதிர்ப்பொருளை இடுவர். அது சிக்கிய புரதத்தின் மேற்புறத்தைப் பற்றும். இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு நடுவே வைரஸின் புரதம் அகப்பட்டுக்கொள்கிறது. மீண்டும் கழுவி, நிறமிலாத வேதிப்பொருளைச் சேர்த்தால் நொதி உள்ள குழி நீலமாகும். அமிலத்தால் வினையை நிறுத்தினால் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி அளந்து எண்ணாகத் தரும்.

இத்தனை படிகளுக்கும் நேரம் வேண்டும். குளிரிலிருந்து எடுத்த பெட்டி அறை வெப்பத்திற்கு வரவேண்டும். ஒவ்வொரு வினைக்கும் குறித்த நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பலரது மாதிரிகளை ஒரே தட்டில் சேர்த்துச் செய்ய வேண்டியும் இருக்கும். “அட்டைப் பரிசோதனை கால்மணி நேரத்தில் வந்துவிடுகிறதே, இது ஏன் மாலை வரை ஆகிறது?” என்பதற்குக் காரணம் இதுவே. அட்டைப் பரிசோதனை விரைவானது. ஆனால் டெங்குவை உறுதிசெய்ய இந்திய அரசின் வழிகாட்டுதல் எலிசா முறையையே பரிந்துரைக்கிறது.

ஒரே அச்சில் வார்த்த எதிர்ப்பொருள்

தொடக்கக் காலத்தில் எதிர்ப்பொருள் வேண்டுமென்றால் முயலுக்கோ ஆட்டுக்கோ ஊசியிட்டு அதன் சீரத்தை எடுப்பார்கள். அதில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். அந்த விலங்கு இறந்துபோனால் அதே கலவை மறுபடி கிடைக்காது. 1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலர், சீசர் மில்ஸ்டைன் இருவரும் இதற்குத் தீர்வு கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் அணுவை, சாவின்றிப் பெருகும் புற்றணுவோடு இணைத்தார்கள். பிறந்த கலப்பணு ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரந்தது. இதையே ஓரின எதிர்ப்பொருள், அதாவது மோனோகுளோனல் ஆன்டிபாடி என்கிறோம். 1984-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய கலப்பணுக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பல்லாண்டுகள் காக்கலாம். வேண்டும்போது உயிர்ப்பித்து, அதே எதிர்ப்பொருளை மீண்டும் பெறலாம்.

வைரஸ் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ‘4ஜி2’ என்னும் எதிர்ப்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980-களின் தொடக்கத்தில் எலியணுவிலிருந்து உருவாக்கப்பட்ட இது, டெங்கு வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பற்றும். ஆய்வகத்தில் வளர்க்கும் அணுக்களில் எத்தனை அணுக்களை வைரஸ் தாக்கியுள்ளது, ஒரு புதிய மருந்து அந்த எண்ணிக்கையைக் குறைக்கிறதா என்றெல்லாம் அறிய இதனைப் பயன்படுத்துகின்றனர். டெங்குவுக்கு உறவுள்ள ஜிகா, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்களிலும் அதே பகுதி ஏறத்தாழ ஒன்றுபோலவே அமைந்திருப்பதால், 4ஜி2 அவற்றையும் பற்றும். ஜிகா வைரஸ் பிரேசிலில் பரவி உலகை அச்சுறுத்தியபோது, ஆராய்ச்சியாளர்கள் புதிய கருவி வரும்வரை காத்திருக்கவில்லை. குளிர்பெட்டியில் இருந்த இந்தப் பழைய எதிர்ப்பொருளையே எடுத்துப் பயன்படுத்தினர்.

ஆனால் இதே குணம் ஒரு குறையுமாகும். வைரஸ் குடும்பத்தைக் காட்டும் எதிர்ப்பொருள், குடும்பத்தில் எவர் என்று காட்டாது. இத்தகைய குறுக்கு வினை நோயாளியின் பரிசோதனையிலும் நேரக்கூடும். முன்பு டெங்கு வந்தவருக்கோ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அல்லது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கோ உடலில் உள்ள எதிர்ப்பொருள், வேறோர் உறவு வைரஸுக்கான பரிசோதனையில் வந்து ஒட்டலாம். எனவேதான் “முன்பு டெங்கு வந்ததா? வெளிநாடு சென்றீர்களா? என்னென்ன தடுப்பூசிகள் போட்டீர்கள்?” என்று நாங்கள் கேட்கிறோம்.

குளிர் ஏன் இத்தனை முக்கியம்?

வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நீர்மமாகாது. திரிந்த பால் மீண்டும் பாலாகாது. புரதத்தின் மடிப்பு ஒருமுறை குலைந்தால் பெரும்பாலும் குலைந்ததுதான். எதிர்ப்பொருளும் புரதமே. வடிவம் குலைந்தால் அதன் பிடி போய்விடும். பிடி போன எதிர்ப்பொருள், வைரஸ் கண்முன்னே இருந்தாலும் ‘இல்லை’ என்றே சொல்லும். அதிலுள்ள இடர் என்னவென்றால், குப்பியைப் பார்த்து அது கெட்டுவிட்டது என்று அறிய முடியாது. தெளிந்த நீர்மம் தெளிந்தே இருக்கும்.

வெப்பம் மட்டுமே பகை என்று எண்ணிவிடக் கூடாது. உறைதலும் உருகுதலும் மாறிமாறி நிகழ்வது அதைவிடக் கேடு செய்யும். நீர் உறையும்போது பனிப்படிகங்கள் உருவாகின்றன. எஞ்சிய சிறிதளவு நீரில் உப்புகள் செறிந்து அமிலத்தன்மை மாறுகிறது. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. இன்சுலினை உறைநிலைப் பெட்டியில் வைக்காதீர்கள் என்று நீரிழிவு நோயாளிகளிடம் நாங்கள் வலியுறுத்துவதும் இதே காரணத்தால்தான்.

ஆகையால் ஆராய்ச்சிக்கூடங்களில் சில ஒழுங்குகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன.

முதலாவதாக, புதிய குப்பி வந்தவுடன் அதனைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதி, மைனஸ் 20 அல்லது மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். ஒரு பங்கு ஒருமுறைதான் உருகும். மீதியை மறுபடி உறையவைப்பதில்லை.

இரண்டாவதாக, பனி படியாமல் தானே உருக்கிக்கொள்ளும் வீட்டுவகை உறைபெட்டிகளைத் தவிர்ப்பார்கள். பனியை நீக்குவதற்காக அவை அடிக்கடி வெப்பமேறுவதால், உள்ளிருக்கும் எதிர்ப்பொருள் நமக்குத் தெரியாமலேயே பலமுறை உருகி உறையும்.

மூன்றாவதாக, நொதியோ ஒளிர்சாயமோ இணைக்கப்பட்ட எதிர்ப்பொருள்களைப் பொதுவாக உறையவைப்பதில்லை. 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைப்பர். ஒளிர்சாயம் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் அக்குப்பிகள் இருளில் இருக்கும்.

நான்காவதாக, நுண்ணுயிர் வளராதிருக்கச் சோடியம் அசைடு என்னும் பொருளை மிகச் சிறிய அளவில் சேர்ப்பதுண்டு. ஆனால் எலிசாவில் பெரிதும் பயன்படும் பெராக்சிடேஸ் நொதியை அதே பொருள் செயலிழக்கச் செய்துவிடும். காப்பதற்குச் சேர்த்தது கண்டறிதலைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஆய்வாளரின் பொறுப்பு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு தட்டிலும் நோயாளிகளின் மாதிரிகளோடு, ‘உண்டு’ என்று வந்தேயாக வேண்டிய ஒரு மாதிரியும் ‘இல்லை’ என்று வந்தேயாக வேண்டிய ஒரு மாதிரியும் இடம்பெறும். இவற்றைக் கட்டுப்பாட்டு மாதிரிகள் என்பர். அவை பிழைத்தால் தட்டு முழுவதும் ஒதுக்கப்பட்டு, பரிசோதனை மறுபடி தொடங்கும். “அறிக்கை தாமதம், மீண்டும் செய்கிறோம்” என்று ஆய்வகம் சொல்லும்போது அதற்குப் பின்னால் இத்தகைய காவல் இருக்கலாம். கெட்டுப்போன எதிர்ப்பொருள் தந்த விரைவான விடையைவிடத் தாமதமான சரியான விடை மேலானது.

எதிர்ப்பொருளின் தரம் ஆராய்ச்சி உலகின் பெருங்கவலையாகவே இருந்துவருகிறது. 2015-இல் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள், ஆராய்ச்சியில் பயன்படும் எதிர்ப்பொருள்களைத் தரப்படுத்த வேண்டும் என்று ‘நேச்சர்’ இதழ் வாயிலாக ஒன்றாகக் குரல் கொடுத்தனர்.

வீட்டுக் குளிர்பெட்டியில் தொடங்கிய வரலாறு

மாதிரியைப் பேணுவதும் பரிசோதிப்பதும் ஒரு நாட்டின் சுகாதார வரலாற்றையே மாற்றக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1985 மார்ச்சில்தான் எச்.ஐ.வி.க்கான முதல் எலிசா பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. அக்காலத்தில் இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்பதே பலரது நம்பிக்கை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதை ஆய்வுப் பொருளாக எடுக்கச் சொன்னார். நிர்மலா சுமார் 200 இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். முறையான சேமிப்பு வசதி இல்லாத நிலையில் பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். எலிசா வசதி சென்னையில் இல்லாததால், 1986 பிப்ரவரியில் அம்மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கணவரோடு இரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாயின.

அதோடு அவர்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை என்பதே நாம் கருத வேண்டியது. மீண்டும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. வேறு முறையிலான உறுதிப் பரிசோதனை அமெரிக்காவில் செய்யப்பட்டது. அது உறுதியான பின்னரே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. இன்றும் இந்தியாவில் நோய் அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என அறிவிக்கும் முன், வெவ்வேறு அமைப்புக் கொண்ட மூன்று பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. ஒருவரது வாழ்வைப் புரட்டிவிடக்கூடிய சொல்லை ஒற்றைத் தட்டின் நிறத்தை நம்பிச் சொல்லலாகாது.

‘இல்லை’ என்ற விடையின் பொருள்

இனி, முதற்கேள்விக்கு வருவோம். எதிர்ப்பொருள் நன்கு காக்கப்பட்டிருந்தாலும், பரிசோதனை பிழையின்றி நடந்திருந்தாலும், டெங்கு உள்ளவருக்கு ‘இல்லை’ என்று வரக்கூடும். காரணம் நாள்கணக்கு.

என்.எஸ்.1 காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில்தான் நன்கு அகப்படும், பிறகு குறையும். அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளோ மெல்ல எழும். ஐந்தாம் நாளில் நூற்றில் 80 பேரிடமும், பத்தாம் நாளில் 99 பேரிடமும் அது காணப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி தரும் கணக்கு. இரண்டாம் நாளில் ஐஜிஎம் பரிசோதனை மட்டும் செய்தால் ‘இல்லை’ என்று வருவது இயல்பு. எட்டாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் செய்தாலும் அப்படியே.

டெங்கு இரண்டாம் முறை வந்தவரிடம் இன்னொரு சிக்கல் உண்டு. டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். ஒரு வகைக்கு எதிராக முன்பே உண்டான எதிர்ப்பொருள், புதிய வகையின் என்.எஸ்.1 புரதத்தையும் சூழ்ந்து மறைத்துக்கொள்ளும். எனவே பரிசோதனைக்கு அது அகப்படாமல் போகலாம். ஆனால் இரண்டாம் முறை வரும் டெங்குவே கடுமையாகும் வாய்ப்பு மிகுந்தது. எவருக்கு ஆபத்து அதிகமோ அவரிடமே பரிசோதனை தவறக்கூடும் என்பதால்தான், நாங்கள் அறிக்கையோடு நிறுத்தாமல் நோயாளியின் நாடி, இரத்த அழுத்தம், தட்டணுக்கள், இரத்தச் செறிவு ஆகியவற்றையும் பார்க்கிறோம். அதனாலேயே மறுபடியும் இரத்தம் எடுக்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, இரத்தம் கொடுக்கும்போது சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை எந்த நாளில் பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது.

கூந்தலும் நகமும் வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்கள் அதனைத் தவறாமல் தெரிவியுங்கள். எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும் சில பரிசோதனைகளில், குறிப்பாக மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின், தைராய்டு பரிசோதனைகளில், மிகுதியான பயோட்டின் முடிவைப் பிழையாக்கிவிடும். 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

வீட்டில் செய்துகொள்ளும் கொரோனா, கருத்தரிப்புப் பரிசோதனை அட்டைகளிலும் எதிர்ப்பொருளே வேலை செய்கிறது. உறையில் அச்சிட்ட வெப்ப அளவைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு அது 30 டிகிரிக்கு மேற்படக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரிலும் அடுப்பருகேயும் வைக்காதீர்கள், உறைபெட்டியிலும் வைக்காதீர்கள். ஈரம் கேடு செய்யும் என்பதால், பயன்படுத்தும் நேரத்தில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். குறித்த நிமிடங்களுக்குப் பின் தோன்றும் கோட்டைக் கணக்கில் கொள்ளக் கூடாது. ‘சி’ என்ற இடத்தில் கோடு வராவிட்டால் அந்தப் பரிசோதனை செல்லாது. அக்கோடு வந்தாலும், நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வெப்பத்தில் கெடவில்லை என்பதற்கு அது முழு உறுதியாகாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது இது. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களே கவனமாயிருக்க வேண்டிய நாள்கள். பெரும்பாலும் அது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வரும். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு அல்லது அமைதியின்மை, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம்.

கையில் ‘இல்லை’ என்று அச்சிட்ட அறிக்கை இருந்தாலும் தயங்காதீர்கள். அது இரத்தம் எடுத்த அந்த நேரத்தின் நிலையை மட்டுமே சொல்கிறது. அதற்குப் பிறகு நோயாளியின் அருகில் இருந்து பார்ப்பவர் நீங்கள். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். தேவையானால் இரத்தத்தை நாங்கள் மறுபடியும் பரிசோதிக்கிறோம்.